ஒரே பாட்டின் சிங்கிள், ஆல்பம், வீடியோ மிக்ஸ்களை ஒப்பிட்டு இனங்காண்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு பாப் பாட்டு சிங்கிளில், அதாவது அந்தப் பாட்டை முன்னிறுத்தித் தனியே வந்த வெளியீட்டில், ஒரு விதமாகவும், ஆல்பத்தில் வேறு விதமாகவும், வீடியோவில் இன்னொரு விதமாகவும் வெளிவந்திருப்பது அரிதல்ல. அந்த வேறுபாடுகளை இனங்கண்டு, பிறர் நம்பிப் பயன்படுத்தும்படி பதிவு செய்ய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். புதிதாக இதில் இறங்குவோரிடம் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை படிகளின் வரிசை மாறுவதால் வருபவை. வேகத்தைச் சரிபார்க்காமல் நீளத்தை ஒப்பிடுகிறார்கள். ஒலியளவைச் சமன் செய்யாமல் மிக்ஸை, அதாவது குரலும் கருவிகளும் கலக்கப்பட்ட விதத்தை, மதிப்பிடுகிறார்கள். கையில் இருப்பது எந்தப் பிரதி என்று உறுதி செய்யாமலே முடிவை எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியைச் சார்ந்திருப்பதால், கீழுள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

தொடங்குவதற்கு முன் தேவையானவை

கம்பியுள்ள ஹெட்போன் ஒன்று வேண்டும். புளூடூத் ஹெட்போன்கள் பெரும்பாலும் ஒலியைச் சுருக்கியே கடத்துவதால், எதிரொலி அடங்கும் விதம் போன்ற மெல்லிய விவரங்கள் மங்கிவிடக்கூடும். நமக்குத் தேவைப்படுபவையோ அந்த மெல்லிய விவரங்கள்தான்.

ஆடாசிட்டி போன்ற ஒலித் தொகுப்பு மென்பொருள் ஒன்று வேண்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது. ஒப்பிடும் கோப்புகள் ஃப்ளாக் அல்லது வேவ் வடிவில், அதாவது தரம் இழக்காமல் சேமிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். எம்பி3 கோப்பைக் கொண்டு எடிட்டை (வெட்டி ஒட்டியதை) கண்டுபிடித்துவிடலாம். மிக்ஸைப் பற்றி நம்பிச் சொல்வது கடினம்.

ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பதானால் தானியங்கி ஒலியளவுச் சமன், ஈக்வலைசர், கிராஸ்ஃபேட், ஸ்பேஷியல் ஆடியோ ஆகிய அனைத்தையும் முதலில் அணைத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதில் தனிக் கவனம் தேவை. அதில் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் வடிவம் என்பது பெரும்பாலும் பல்தடப் பதிவிலிருந்து (குரலையும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் வைத்திருக்கும் பதிவு) புதிதாகச் செய்யப்பட்ட தனி மிக்ஸ். அதை ஆல்பம் மிக்ஸ் என்று எண்ணி ஒப்பிட்டால் பின்னால் செய்யும் எல்லாமே பிழையாகும்.

1. எந்த வகை வேறுபாடு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'வேறு மிக்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் நான்கு வகை வேறுபாடுகள் உள்ளன; ஒவ்வொன்றையும் கண்டறியும் முறையும் வேறு.

மறுபதிவு என்பது பாட்டையே மீண்டும் பாடி, வாசித்துப் பதிவு செய்வது. நார்வே நாட்டு ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' 1984-இல் டோனி மான்ஸ்ஃபீல்டின் தயாரிப்பில் முதலில் வெளிவந்தது. உலகெங்கும் பரவியது 1985-இல் ஆலன் டார்னி தயாரித்த வேறொரு பதிவு.

எடிட் என்பது முடிந்துபோன மிக்ஸை வெட்டி ஒட்டுவது. தி டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' (1967) ஆல்பத்தில் ஏழு நிமிடத்தைத் தாண்டும். சிங்கிளிலோ ஆர்கன், கிட்டார் தனி வாசிப்புகளில் பெரும்பகுதி நீக்கப்பட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மிக்ஸ் என்பது பல்தடப் பதிவில் உள்ள குரல், டிரம், பேஸ் ஆகியவற்றை வேறு விகிதத்தில் மீண்டும் கலப்பது. சில வேளைகளில் புதிய வாசிப்பும் சேரும். ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' (1981) ஆல்பத்தில், டிரம் முழு வீச்சுடன் நுழைவது பாட்டின் பிற்பகுதியில்தான். சிங்கிளிலோ அதற்கு வெகு முன்பே கூடுதல் டிரம் ஒலிக்கிறது.

மாஸ்டரிங் என்பது முடிந்த மிக்ஸின் மொத்த ஒலியளவையும் ஒலிநிறத்தையும் மாற்றுவது மட்டுமே. 'ரீமாஸ்டர்' என்ற அச்சைப் பார்த்தவுடன் 'புதிய மிக்ஸ்' என்று எழுதுவதே புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு.

மறுபதிவா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். குரலின் மூச்சு, ஒரு சொல்லை இழுக்கும் விதம், டிரம் ஃபில்கள் (வரிகளுக்கு இடையே வரும் டிரம் உருட்டல்கள்) ஆகியவை வேறாக இருந்தால் அது வேறு பதிவு. அதன்பின் எடிட்டையும் வேகத்தையும் அளப்பதில் பொருளில்லை.

2. பிரதியின் மூலத்தை உறுதி செய்யுங்கள்

கையில் இருக்கும் கோப்பு எந்த ஆண்டு, எந்த நாட்டில், எந்த வடிவில் வெளிவந்த பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதிவைக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

லேபிளில் அச்சிட்ட நேரத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். தி ரைச்சஸ் பிரதர்ஸ் பாடிய 'யூ'வ் லாஸ்ட் தட் லவிங் ஃபீலிங்' (1964) சிங்கிளில், நீளமான பாட்டுகளை வானொலி நிலையங்கள் ஒதுக்கிவிடும் என்பதால், தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 3:05 என்று அச்சிட வைத்தார். பாட்டு ஓடுவதோ ஏறத்தாழ 3:45.

'ஆல்பம் வடிவம்' என்பதும் எப்போதும் ஒன்றே அல்ல. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) சிடியில் 'மனி ஃபார் நத்திங்' எட்டு நிமிடத்தைத் தாண்டும். எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் கொள்ளும் நேரம் குறைவு என்பதால் அதே பாட்டு எல்பியில் ஏழு நிமிடமளவே ஓடும். சிங்கிளை எதனோடு ஒப்பிட்டீர்கள் என்பதை எழுதாவிட்டால், உங்கள் கணக்கைப் பிறர் சரிபார்க்க வழியிருக்காது.

தொகுப்பு சிடிகளில் இன்னும் கவனம் தேவை. 'அசல் சிங்கிள் வடிவம்' என்று அச்சிட்டுவிட்டு, ஆல்பம் மிக்ஸையே சிங்கிளின் நீளத்துக்கு முன்கூட்டி ஃபேட் செய்து (ஒலியைப் படிப்படியாகத் தணித்து முடித்து) வைத்திருப்பதைப் பலமுறை காணலாம். நீளம் பொருந்துவதால் பலரும் ஏமாறுகிறார்கள்.

இசைத்தட்டானால், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் வெளியீடானால், ஒவ்வொரு பதிவுக்கும் வழங்கப்படும் பன்னாட்டு அடையாளமான ஐஎஸ்ஆர்சி குறியீட்டைப் பாருங்கள். பன்னிரண்டு இடங்கள் கொண்ட அக்குறியீட்டில் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள், குறியீடு வழங்கப்பட்ட ஆண்டையே காட்டும். பதிவு செய்த ஆண்டாக அதைக் கொள்ளக் கூடாது. வீடியோவுக்குத் தனிக் குறியீடு வழங்கப்படுவதால், அது வேறாக இருப்பதை வைத்து ஒலியும் வேறு என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

3. அடையாளப் புள்ளிகளின் அட்டவணை

ஒவ்வொரு வடிவத்திலும் முதல் ஒலி, முதல் சொல், ஒவ்வொரு பல்லவியின் முதல் அடி, தனி வாசிப்பின் தொடக்கம், ஃபேட் தொடங்கும் இடம், ஒலி அடங்கும் இடம் ஆகியவற்றின் நேரத்தை விநாடியின் நூறில் ஒரு பங்குவரை குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்னேர் (டிரம் தொகுப்பில் கூர்மையாக ஒலிக்கும் முரசு) அடி போன்ற கூர்மையான ஒலிகளையே புள்ளிகளாகத் தேர்ந்தெடுங்கள். அலைவடிவத்தில் அவை செங்குத்தாக எழும்புவதால் ஐயத்துக்கு இடமில்லை. குரலும் கீபோர்டும் மெல்ல எழுபவை. அவற்றை வைத்து அளந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு விடை வரும்.

4. வேகத்தைச் சமன் செய்யுங்கள்

காந்த நாடாவில் பதிவு செய்த காலத்தில், நாடாவின் வேகத்தைச் சற்றே கூட்டிச் சிங்கிளைத் துடிப்பாக்குவது வழக்கமாக இருந்தது. ஆகவே எந்த நீள ஒப்பீட்டுக்கும் முன்னர் இந்தப் படி அவசியம்.

இரண்டு வடிவங்களிலும் வெட்டுப்படாத, நீளமான ஒரே பகுதியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஸ்னேர் அடிகளுக்கு இடையே உள்ள நேரத்தை அளக்க வேண்டும். ஆல்பத்தில் 180 விநாடியும் சிங்கிளில் 178.2 விநாடியும் வந்தால், 180-ஐ 178.2-ஆல் வகுக்க 1.01 கிடைக்கும், சிங்கிள் 1 விழுக்காடு வேகமானது. சுருதியும் கூடவே உயர்ந்திருக்க வேண்டும்: 1 விழுக்காட்டுக்கு அரைச்சுருதியில் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள சுருதி வேறுபாடு) ஆறில் ஒரு பங்களவும், 6 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ முழு அரைச்சுருதியும் உயரும். வேகம் மாறியும் சுருதி மாறவில்லை என்றால், டிஜிட்டல் முறையில் நீளம் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் கேட்பது வேறு பதிவு.

பீட்டில்ஸின் 'ஷி'ஸ் லீவிங் ஹோம்' (1967) இதற்குத் தெளிவான சான்று. மோனோ (ஒரே சேனல்) மிக்ஸ் ஸ்டீரியோவைவிட (இடம், வலம் என இரு சேனல்) அரைச்சுருதி உயரத்திலும் அதற்கேற்ற வேகத்திலும் ஓடுகிறது. 2017-இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புதிய ஸ்டீரியோ மிக்ஸ் மோனோவின் வேகத்தையே பின்பற்றியது.

வேறுபாடு தெரிந்ததும், மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கருவியால் ஒன்றை மற்றொன்றுக்கு இணையாக்குங்கள். டெம்போவை மட்டும் மாற்றும் கருவியைத் தொடாதீர்கள். அது ஒலியை நுண்ணிய துண்டுகளாக்கி அடுக்குவதால் அடுத்தடுத்த சோதனைகள் கெட்டுப்போகும். இசைத்தட்டிலிருந்து எடுத்த கோப்பானால், டர்ன்டேபிளின் வேகமே பிசகியிருக்கக்கூடும் என்பதால், இன்னொரு பிரதியில் சரிபார்க்காமல் 'சிங்கிள் வேகமானது' என்று எழுத வேண்டாம்.

5. எடிட்டைக் கண்டறியுங்கள்

வேகம் சமனானபின், அட்டவணையில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேரங்களை ஒப்பிடுங்கள். எந்த இடைவெளி குறைகிறதோ, வெட்டு அங்கேதான். வழக்கமாக வெட்டப்படும் இடங்கள் தொடக்க இசை, இரண்டாம் சரணத்தின் பாதி, தனி வாசிப்பு, கடைசிப் பல்லவியின் திருப்பங்கள் ஆகியவை.

குறைந்த நேரம் முழுத் தாளச் சுற்றுகளாக வருகிறதா என்று கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நான்கடிச் சுற்று ஒன்று 2 விநாடி. எட்டுச் சுற்று வெட்டப்பட்டால் 16 விநாடி குறையும். விடை 13.4 விநாடி என்று வந்தால், புள்ளியைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள் அல்லது வேகம் இன்னும் சமனாகவில்லை. இந்த ஒரு கணக்கே பல பிழைகளைத் தடுத்துவிடும்.

பின்னர் வெட்டிய இடத்தை ஹெட்போனில் கேளுங்கள். சிம்பலின் அதிர்வு அடங்குமுன் சட்டென நின்றுபோவதும், குரலின் எதிரொலி பாதியில் அறுபடுவதும் வெட்டின் தடயங்கள். கன்ஸ் அண்ட் ரோஸஸின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' பாட்டின் சுருக்கிய வடிவத்தில் ஸ்லாஷின் கிட்டார் தனி வாசிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த இடத்தை ஆல்பத்தோடு மாறி மாறிக் கேட்பது இந்தப் படிக்கு நல்ல பயிற்சி.

சிங்கிள் என்றால் குறுகியது என்ற எண்ணத்தோடு அளக்கத் தொடங்கக் கூடாது. குயீனின் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' (1984) சிங்கிள், ஆல்பத்தில் இல்லாத நீண்ட கீபோர்டு முகப்புடன் ஏறத்தாழ ஒரு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது.

ஃபேட் விஷயத்தில், அது எங்கே தொடங்குகிறது என்பதையே முதன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே முடிகிறது என்பது பிரதியின் இரைச்சலையும் ஒலியளவையும் பொறுத்து மாறும்.

6. மிக்ஸைக் கேட்டறியுங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் எடுப்பது இந்தப் படிதான். அவசரப்பட்டால் மாஸ்டரிங் வேறுபாட்டை மிக்ஸ் என்று எழுதிவிடுவோம்.

முதலில் ஒலியளவைச் சமன் செய்யுங்கள். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் தெளிவாகவும் அழுத்தமாகவும் தோன்றும். 'சிங்கிளில் டிரம் கூடுதல்' என்று எழுதப்படும் குறிப்புகளில் பல, சிங்கிள் மொத்தமாகவே உரத்து இருந்ததன் விளைவு. ஒரே பல்லவியை இரண்டிலும் தேர்ந்து, மென்பொருள் காட்டும் சராசரி ஒலியளவு ஒன்றாகும்வரை கூட்டிக் குறையுங்கள்.

பிறகு பத்து விநாடித் துண்டை மாறி மாறி ஓடவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒன்றை மட்டும் கேளுங்கள். முன்னணிக் குரலின் உயரம், அதன் எதிரொலி, ஸ்னேர், பேஸ், கிட்டார், கீபோர்டு, கூட்டுக்குரல், கடைசியாக ஒவ்வொன்றும் இடமா வலமா என்பது: இதே வரிசையை எல்லாப் பாட்டுக்கும் வைத்துக்கொண்டால் எதுவும் விடுபடாது.

மாஸ்டரிங்கையும் மிக்ஸையும் பிரிக்கும் உரைகல் ஒன்று உண்டு. மாஸ்டரிங் ஒரே அதிர்வெண் பகுதியில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றும். பேஸ் கிட்டார் உயர்ந்து, அதே பகுதியில் ஒலிக்கும் கிக் டிரம் அப்படியே இருந்தால், அது மிக்ஸ். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் மாஸ்டரிங் என்றே கொள்ளுங்கள்.

பயிற்சிக்குப் பீட்டில்ஸின் 'லெட் இட் பி'யை விடச் சிறந்த பாட்டை நான் அறியேன். மார்ச் 1970-இல் வந்த சிங்கிளை ஜார்ஜ் மார்ட்டினும், மே 1970-இல் வந்த ஆல்பத்தை ஃபில் ஸ்பெக்டரும் கவனித்தார்கள். அடிப்படைப் பதிவு ஒன்றே. ஆனால் ஜார்ஜ் ஹாரிசனின் கிட்டார் தனி வாசிப்பு இரண்டிலும் வேறு: சிங்கிளில் உள்ளது ஏப்ரல் 1969-இல் சேர்த்தது, ஆல்பத்தில் உள்ளது ஜனவரி 1970-இல் சேர்த்தது, கடுமையும் உரப்பும் கூடியது. டிரம்மின் ஹை-ஹாட்டை (இணைச் சிம்பல்களை) மட்டும் தனியே பின்தொடர்ந்தால், ஆல்பத்தில் ஒவ்வொரு தட்டலையும் ஓர் எதிரொலி தொடர்வது கேட்கும். சிங்கிளில் அது இல்லை. கூட்டுக்குரல் சிங்கிளில் முன்னே நிற்கிறது. ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் பல்லவி ஒருமுறை கூடுதலாக வருகிறது. ஆக மிக்ஸ், கூடுதல் பதிவு, எடிட் என மூன்றும் ஒரே பாட்டில் கிடைக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்து எழுதப் பழகியவருக்கு மற்றப் பாட்டுகள் எளிதாகிவிடும்.

இடவலப் பரவலைக் கேட்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரு சேனலின் அலைவடிவத்தை மேல்கீழாகத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டினால் நடுவில் உள்ள குரலும் பேஸும் பெரும்பாலும் மறைந்து, ஓரங்களில் உள்ளவையும் ஸ்டீரியோ எதிரொலியும் மிஞ்சும். ஒரே மிக்ஸிலிருந்து வந்த இரண்டு பிரதிகளில் மிஞ்சுவதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

7. மோனோ சிங்கிள்கள்

1960-களின் சிங்கிள்களில் பெரும்பாலானவை மோனோ. அவற்றில் தனியாகக் கலக்கப்பட்ட மோனோ மிக்ஸும் உண்டு; ஸ்டீரியோவின் இரு சேனல்களையும் வெறுமனே கூட்டியதும் உண்டு. ஆல்பத்தின் ஸ்டீரியோவை நீங்களே மோனோவாகக் கூட்டி, சிங்கிளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் எல்லா வகையிலும் பொருந்தினால் அது கூட்டப்பட்ட மோனோ. எதிரொலியோ சேர்ந்த வாசிப்புகளோ வேறாக இருந்தால் தனி மிக்ஸ். பீட்டில்ஸின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோ வடிவம், ஸ்டீரியோவின் கடைசிக் கூச்சலுக்கு முன்பே முடிந்துவிடுவது போன்ற பெரிய வேறுபாடுகளும் கிடைக்கும்.

8. கழித்துப் பார்க்கும் சோதனை

ஒரு கோப்பைத் தலைகீழாக்கி மற்றொன்றின் மேல் துல்லியமாக வைத்துக் கூட்டினால், ஒன்றேயானவை மறைந்து வேறுபாடு மட்டும் மிஞ்சும். பலரும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள்; கடைசியில் செய்ய வேண்டியது இது.

காரணம் எளியது. இரண்டும் முற்றிலும் ஒன்றேயாக இருந்து ஒலியளவில் மட்டும் 1 டெசிபல் மாறினாலும், ஏறத்தாழ 19 டெசிபல் மட்டுமே தணிந்த மிச்சம் பாட்டாகவே கேட்கும். நாடாவிலிருந்து வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு டிஜிட்டல் பிரதிகளில் நாடாவின் நுண்ணிய வேக ஊசலாட்டம் மாறுபடுவதால், ஒரே மிக்ஸாக இருந்தாலும் முழுமையாக மறையாது. ஆகவே மறைந்தால் 'ஒன்றே' என்று உறுதியாகச் சொல்லலாம்; மறையாவிட்டால் 'வேறு மிக்ஸ்' என்று சொல்ல முடியாது. இந்த ஒருவழித் தன்மையை மறந்து எழுதப்பட்ட தவறான குறிப்புகள் ஏராளம்.

9. வீடியோவின் ஒலி

வீடியோவை எப்போதும் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒலி ஆல்பத்திலிருந்தோ சிங்கிளிலிருந்தோ வந்திருக்கும், அல்லது வீடியோவுக்கென்றே தொகுக்கப்பட்டிருக்கும்; முதல் இரண்டையும் நன்கு அறியாமல் மூன்றாவதை இனங்காண முடியாது.

மடோனாவின் 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' (1989) ஆல்பத்தில் ஒரு மிக்ஸ். சிங்கிளுக்கும் டேவிட் ஃபிஞ்சர் இயக்கிய வீடியோவுக்கும் ஷெப் பெட்டிபோன் செய்த ரீமிக்ஸ் பயன்பட்டது. வீடியோவில் பாட்டை அறிந்தவர்கள் ஆல்பத்தைக் கேட்டுத் திகைப்பது இதனால்தான். 'டேக் ஆன் மீ'க்கு 1984 பதிவுடன் ஒரு வீடியோவும், 1985 பதிவுடன் ஸ்டீவ் பாரன் இயக்கிய கோட்டோவிய வீடியோவும் உள்ளன. எந்த வீடியோ என்று சொல்லாமல் 'வீடியோ வடிவம்' என்று எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' (1983) வீடியோவுக்கென்றே கட்டப்பட்ட ஒலிக்குச் சிறந்த சான்று. ஆல்பத்தில் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாட்டு, ஜான் லாண்டிஸ் இயக்கிய ஏறத்தாழ 14 நிமிடப் படத்தில் வரிசை மாறி வருகிறது: சரணங்கள் பல்லவியின்றித் தொடர்ந்து வந்து, வின்சென்ட் பிரைஸின் பேச்சும் நடன இசையும் கடந்த பிறகே பல்லவி கேட்கிறது. இத்தகையவற்றில் மொத்த நீளத்தை ஒப்பிடுவது வீண். அட்டவணையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் கொடுத்து, வீடியோவில் அந்த எண்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று எழுதுங்கள்.

காலடி, கதவு, பேச்சு போன்ற ஒலிகள் பாட்டின் மேல் படியும் இடங்களை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். அவற்றுக்கு இடமளிக்க இசை தணிக்கப்பட்டிருக்கும். அதை மிக்ஸ் வேறுபாடாகக் கணக்கிடக் கூடாது.

பிரேம் வேகத்தையும் பாருங்கள். விநாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை 25 பிரேமில் ஓட்டினால், ஒலி 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வேகமாகி, சுருதி அரைச்சுருதியின் முக்கால் பங்களவு ஏறும். இசைக் கச்சேரிப் படங்களின் ஐரோப்பிய டிவிடிகளில் இது நேரக்கூடும். 24 பிரேம் 23.976 ஆகும்போது வேறுபாடு ஆயிரத்தில் ஒன்று. நான்கு நிமிடப் பாட்டில் கால் விநாடியளவு. இவை ஒலிபரப்பு முறையின் விளைவுகள். கலைஞரின் தெரிவு என்று எழுதிவிடாதீர்கள்.

இன்று இணையத்தில் உள்ள அதிகாரபூர்வப் பழைய வீடியோக்கள் பலவற்றில், படத்தைப் புதுப்பித்தபோது ஒலியையும் ரீமாஸ்டர் செய்த பிரதியிலிருந்து மாற்றிவிட்டார்கள். அந்நாளில் தொலைக்காட்சியில் ஒலித்தது என்ன என்று அறிய, பழைய விஎச்எஸ் அல்லது லேசர்டிஸ்க் தொகுப்புதான் நம்பத்தக்க மூலம்.

10. முடிவைப் பதிவு செய்யும் முறை

ஒவ்வொரு பதிவிலும் இந்த வரிசை இருக்கட்டும்: ஒப்பிட்ட பிரதிகள், மறுபதிவா என்பது, வேக வேறுபாடு விழுக்காட்டில், எடிட் நேரக்குறிப்புடன், மிக்ஸ் கருவி வாரியாக, மாஸ்டரிங் பற்றி ஒரு வரி. ஆறாம் படியில் கண்ட பாட்டுக்கு, அங்கே பார்த்த அளவில் (வேகமும் மாஸ்டரிங்கும் நீங்கலாக), அது இப்படி அமையும்:

'லெட் இட் பி. சிங்கிள், மார்ச் 1970. ஆல்பம், மே 1970. அடிப்படைப் பதிவு ஒன்றே. எடிட்: ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் பல்லவி ஒருமுறை கூடுதல். கூடுதல் பதிவு: கிட்டார் தனி வாசிப்பு வேறு. மிக்ஸ்: ஆல்பத்தில் ஹை-ஹாட் மீது எதிரொலி, சிங்கிளில் கூட்டுக்குரல் முன்னே.'

அளந்து அறிந்தவற்றையும் காதால் மட்டும் கேட்டு எழுதியவற்றையும் வேறு வேறு அடையாளத்தால் குறியுங்கள். பின்னர் வேறொருவர் நல்ல பிரதியொன்றோடு வரும்போது, மீண்டும் சோதிக்க வேண்டிய வரிகள் எவை என்பது அந்த அடையாளத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.